பதினோரு உளிகள்: செப்புத்திருமேனிப் பட்டறை ஒன்றில் முனை முறிந்ததைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சென்ற மாசி மாதத்தில், கும்பகோணத்துக்கு மேற்கே சுவாமிமலையை ஒட்டிய ஒரு வார்ப்புப் பட்டறையில், இரண்டடி உயர அம்மன் திருமேனியின் இடுப்பு மேகலையில் கோடு வெட்டிக்கொண்டிருந்த சிற்றுளி ஒன்றின் முனை முறிந்து, முறிந்த துண்டு உலோகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த வாரத்தில் அது நான்காவது முறிவு. முந்தைய மூன்றிலும் துண்டு தெறித்து வெளியே விழுந்ததால் எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இம்முறை துண்டு உள்ளே மாட்டிக்கொண்டதால், இன்னொரு உளியை வைத்து அதைத் தோண்டப் போனால் அதன் முனையும் போகும், மேகலையின் கோடும் சிதையும் என்ற நிலையில், ஸ்தபதி தம் பட்டறையில் இருந்த பதினோரு மெல்லிய உளிகளையும் ஒரு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

நான் உளி செய்பவன். நகாசு வேலைக்காரர்கள், வெள்ளி வேலைக்காரர்கள், பாத்திரத்தில் பெயர் வெட்டுபவர்கள் ஆகியோருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக உளி செய்து கொடுத்தும் சாணை பிடித்துக் கொடுத்தும் வருகிறேன். இந்தப் பதினோரு உளிகளில் எதையும் நான் செய்யவில்லை. ஸ்தபதி தம் கையாலேயே செய்துகொண்டவை அவை. முப்பது ஆண்டுகளாக அவர் செய்த உளிகள் உடைந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை என்பதால்தான் இந்த நிகழ்வை முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. தெரியாதவர் கையில் உளி கெடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நன்கு தெரிந்தவர் கையில் திடீரென்று கெடத் தொடங்கினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

வேலையின் தன்மை

இப்பகுதிப் பட்டறைகளில் திருமேனி கெட்டி வார்ப்பாகவே செய்யப்படுகிறது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகத்தில் பெரும்பங்கு செம்பு, அடுத்துப் பித்தளை, சிறிதளவு ஈயம். பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்குச் சேரும். மண் ஓட்டை உடைத்து எடுக்கும்போது கிடைப்பது கரடுமுரடான உருவம்தான். நகை, உடை மடிப்பு, விரல் நகம், மேகலையின் மணி, தலைக்கோலத்தின் வரிகள் என்று பார்ப்பவர் கண்ணில் படுகிற நுட்பம் முழுவதும் அதற்குப் பிறகு அரத்தாலும் உளியாலும் வருவது. கண் திறக்கும் சடங்குக்குப் பொன்னுளியும் வெள்ளிச் சுத்தியலும் எடுப்பது வழக்கம். அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் நடக்கிற வேலையை எஃகு உளியே செய்கிறது.

உளிகள் இரண்டு விதமாக வேலை செய்கின்றன. ஒரு வகையைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி முன்னேற்றுவார்கள். மற்றொரு வகையின் பின்புறத்தில் குமிழ் வைத்த மரப்பிடி இருக்கும். அதை உள்ளங்கையில் பொருத்தி, கட்டைவிரலை வேலைப்பொருளின் மேல் ஊன்றிக்கொண்டு, தள்ளி வெட்டுவார்கள். தட்டும் உளி ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சி வாங்குகிறது. தள்ளும் உளிக்கு அதிர்ச்சி இல்லை, ஆனால் அதன் கூர் நெடுநேரம் நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டை இங்கேயே சொல்லிவைப்பதற்குக் காரணம், பின்னால் கண்ட கோளாறுகளில் ஒன்று இதை மறந்ததால் வந்தது.

நான் செய்த தவறு

முதல் நாள் நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். முறிந்த நான்கு உளிகளையும் கையில் எடுத்தவுடன் முனைகள் மிக ஒடுக்கமாக இருப்பதாக எனக்குப் பட்டது. அளந்து பார்த்ததில் முனையின் இரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 40 பாகை அளவில் இருந்தது. வெண்கலத்தில் தட்டி வெட்டும் உளிக்கு 60 பாகை பொருத்தமானது என்ற என் வழக்கமான எண்ணத்தின்படி, இரண்டு உளிகளை உடனே சாணையில் கொடுத்து, முறிந்த பகுதியைத் தேய்த்து நீக்கி, 60 பாகைக்குக் கூர் வைத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவை இரண்டும் திரும்பி வந்தன. ஒன்று முறிந்திருந்தது; மற்றொன்றின் ஓரத்தில் செதில் பெயர்ந்திருந்தது. முன்பைவிடச் சற்று அதிக நேரம் தாங்கின என்பது உண்மை. ஆனால் கோட்டின் இரு கரைகளிலும் பிசிறு எழும்பியிருந்தது. மேகலை போன்ற நெருக்கமான வேலைக்கு அந்தப் பருமனான முனை உதவவில்லை என்று ஸ்தபதி சொன்னார். கோணத்தைக் கூட்டியதால் கோளாறு தள்ளிப்போனதே தவிர நீங்கவில்லை.

கோணத்தைத் தவறாகக் கணித்ததை விட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. முறிந்த பக்கத்தைப் பார்க்காமலேயே நான் அதைச் சாணையில் தேய்த்து அழித்துவிட்டேன். எஃகு எதனால் உடைந்தது என்பதற்கான சான்று முழுவதும் அந்த அரை மில்லிமீட்டர் பரப்பில்தான் இருக்கிறது. முனை மடங்கியிருக்கிறதா, செதிலாகப் பெயர்ந்திருக்கிறதா, நறுக்கென்று குறுக்கே முறிந்திருக்கிறதா, முறிந்த பக்கம் மங்கலாக இருக்கிறதா, மினுங்குகிறதா என்று பார்க்காமல் சாணை பிடிப்பது, நோயாளியின் நாடியைப் பிடிக்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது. நல்லவேளையாக மற்ற இரண்டு முறிந்த உளிகள் கைபடாமல் இருந்தன. இந்த ஆய்வு அவற்றிலிருந்துதான் மறுபடி தொடங்கியது.

பதினோரு உளிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தது

வெள்ளைத் தாளை விரித்து உளிகளை வரிசையாக அடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முறிந்தவை நான்கு. முனை மழுங்கி ஒருபக்கமாக மடங்கியவை மூன்று. இரண்டின் முனைகளில் குறையில்லை, ஆனால் சுத்தியல் படும் தலைப்பக்கம் காளான்போல் விரிந்து ஓரங்களில் கிழிந்திருந்தது. ஒன்றில் முனையிலிருந்து ஒரு விரலளவு தள்ளி, தண்டின் குறுக்கே மயிரிழை விரிசல் ஓடியது. கடைசியாக மிஞ்சிய ஒன்று எந்தக் குறையும் இல்லாதது. ஸ்தபதியின் தகப்பனார் காலத்தது.

ஒரே பெட்டியில் இருந்த உளிகளில் நான்கு விதமான கோளாறு என்பது அப்போதுதான் தெளிவானது. "உளி உடைகிறது" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிப் பேசியதால், ஒரே காரணத்தைத் தேடி நான் கோணத்தில் போய் நின்றிருக்கிறேன். மடங்கிய முனை மென்மையால் மடங்கியது. முறிந்த முனை கடினத்தாலோ, உள்மணி, அதாவது எஃகுக்குள் இருக்கும் பொடிப் படிகம், பெருத்ததாலோ முறிந்தது. இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கிற கோளாறுகள். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கும்.

விரிசல் கண்ட உளியின் கதை சிறியது. அது பழைய அரத்தை அடித்துச் செய்தது. அரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கரி (கார்பன்) இருப்பதால் உளிக்கு நல்ல எஃகுதான், ஆனால் அதன் பற்களை முழுவதும் தேய்த்து நீக்காமல் விட்டிருந்தார்கள். பல்லின் அடிப்பள்ளம் ஒவ்வொன்றும் விரிசல் தொடங்குவதற்கான வாசல். விரிசல் சரியாக அத்தகைய ஒரு பள்ளத்திலிருந்தே கிளம்பியிருந்தது. அந்த உளியை மீட்க வழியில்லை.

முறிந்த பக்கத்தின் மணி

முறிந்த இரண்டு உளிகளின் உடைந்த பரப்பு லென்ஸில் பொடிக் கற்கண்டை உடைத்த பக்கம்போல் மினுமினுத்தது. தனித்தனி மணிகள் கண்ணுக்குத் தெரிந்தன. நன்றாகத் தோய்ச்சல் கொடுத்த, அதாவது சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று ஆற்றி இறுக்கிய, எஃகின் முறிந்த பக்கம் அப்படி இருக்காது. பிள்ளையார் நெற்றியில் பூசிய விபூதிபோல், மணி தெரியாத, மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும்.

ஐயம் தீர்வதற்காக அதே கம்பியில் ஒரு துண்டை ஸ்தபதியிடம் கேட்டு வாங்கினேன். கடைகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று விற்கிற பளபளப்பான கம்பி அது. வெள்ளி அதில் இல்லை, அதன் மினுக்கத்தால் வந்த பெயர். அதை மூன்றாக நறுக்கி, ஒன்றைச் சரியான சூட்டிலும், அடுத்ததைச் சற்று அதிகச் சூட்டிலும், மூன்றாவதை ஆரஞ்சு நிறம் கடந்து மஞ்சள் தொடங்குகிற வரையிலும் காய்ச்சித் தோய்த்தேன். பிறகு ஒவ்வொன்றையும் வைஸில் கடித்து, தெறிக்காமல் இருக்கத் துணியைச் சுற்றி, சுத்தியலால் ஓர் அடி. முதல் துண்டு முறிவதற்கு நல்ல பலம் கேட்டது. அதன் முறிந்த பக்கம் விபூதி. மூன்றாவது கண்ணாடிபோல் உடைந்தது. அதன் முறிந்த பக்கம் கற்கண்டு. ஸ்தபதியின் உளிகள் மூன்றாவதுக்கு நெருக்கமாக இருந்தன.

எஃகை அதற்குரிய சூட்டைத் தாண்டிக் காய்ச்சினால், உள்ளே இருக்கும் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடுகின்றன. பெருத்த மணிகளின் எல்லைகள் நீளமாகவும் நேராகவும் அமைவதால் விரிசல் அவற்றின் வழியாகத் தடையில்லாமல் ஓடிவிடுகிறது. அப்படிப்பட்ட எஃகும் அரத்துக்குச் சளைக்காத கடினத்தோடுதான் இருக்கும். அரத்தை வைத்து உரசிப் பார்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். தோய்ச்சல் நன்றாக ஏறியிருக்கிறது என்றே தோன்றும். சுத்தியலின் அடி விழும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முப்பது ஆண்டுப் பழக்கம் எங்கே தவறியது

நிறம் பார்த்துத் தோய்ச்சல் கொடுக்கிற கண் ஸ்தபதிக்கு இருந்தது. அந்தக் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்த நிகழ்வின் நடுவான கேள்வி. அவருக்குப் பார்வை குறைந்திருக்கலாம் என்று அவரே சொன்னார். நான் அதை நம்பவில்லை. மயிரிழைக் கோட்டை இன்னும் கண்ணாடி இல்லாமலேயே வெட்டுகிறார்.

பட்டறைக்கு நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. முன்பு உலை இருந்த இடம் ஓலைக் கொட்டகையின் பின்கோடி, நண்பகலிலும் அரையிருட்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொட்டகையைப் பிரித்துத் தகரக் கூரை போட்டபோது கரி உலையும் போய்விட்டது. அதன் பிறகு உளிக்குத் தோய்ச்சல் கொடுப்பது கொல்லைப்புறத்தில், வெட்டவெளியில், எரிவாயு ஊதுவிளக்கில். இருட்டில் செம்பருத்திச் சிவப்பாகத் தெரிகிற எஃகு, வெயிலில் வெறும் கருமையாகத்தான் தெரியும். அதே செம்பருத்திச் சிவப்பை வெயிலில் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டுமானால் சூட்டை இருநூறு பாகை அளவுக்குக்கூட ஏற்ற வேண்டியிருக்கும். கண் கற்ற நிறம் மாறவில்லை. கண்ணைச் சுற்றியிருந்த வெளிச்சம் மாறிவிட்டது.

இதை அவருக்குச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தில் பொடி உப்பு கேட்டு வாங்கினேன். சாப்பாட்டு உப்பு உருகும் சூடு 801 பாகை செல்சியஸ், இது மாறாதது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கொல்லையில் கம்பியைக் காய்ச்சச் சொல்லி, "இதுதான் பதம், தம்பி" என்று அவர் சொன்ன நொடியில், ஊதுவிளக்கை விலக்கிவிட்டு, சிட்டிகை உப்பை எஃகின் மேல் தூவினேன். தீ நேராகப் பட்டால் உப்பு தீயினாலேயே உருகிவிடும் என்பதால் விலக்குவது அவசியம். உப்பு விழுந்த மாத்திரத்தில் நீராக உருகி வழிந்தது. மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகு அதே இடத்தில், அதே கம்பியை, அவரே காய்ச்சினார். அவர் பதம் என்று சொன்னபோது தூவிய உப்பு வெடுவெடுவென்று பொரிந்துவிட்டு, உருகாமல் வெள்ளையாகவே கிடந்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன்; ஒட்டவில்லை.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ, ஓலைக் கொட்டகைதான் என் கண்ணா இருந்துச்சா?" என்றார். "கண்ணு உங்களதுதான் ஐயா, கொட்டகை அதுக்கு நிழல்" என்றேன்.

காந்தமும் உப்பும் சேர்ந்து ஒரு வரப்புபோல் உதவுகின்றன. இந்த வகைக் கரி எஃகு ஏறத்தாழ 730 முதல் 770 பாகைக்குள் காந்தத்தை விட்டுவிடும். 801இல் உப்பு உருகும். காந்தம் விட்ட பிறகு, உப்பு உருகும் முன், இடையில் இருக்கிற அந்தச் சிறு இடைவெளிதான் இந்தக் கம்பிக்கான தோய்ச்சல் சூடு. இரண்டுக்கும் மின்சாரமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை.

ஊதுவிளக்கினால் இன்னொரு கேடும் நேர்ந்திருந்தது. கரி உலையில் கம்பி முழுவதும் ஒரே சீராகக் காயும். ஊதுவிளக்கின் தீயை முனைமேல் காட்டினால், மெல்லிய முனை நொடியில் வெளுத்துவிடும், தண்டோ இன்னும் கறுப்பாகவே இருக்கும். தண்டு சிவக்கும்வரை காத்திருந்தால் முனை கருகிவிட்டிருக்கும். ஆகவே முனையிலிருந்து இரண்டு செண்டிமீட்டர் பின்னால் தீயைக் காட்டி, சூடு முன்னோக்கி ஊர்ந்து வரச் செய்ய வேண்டும்.

மடங்கிய மூன்று

முனை மடங்கிய மூன்று உளிகளின் கதை இதற்கு நேர்மாறு. புது அரத்தின் ஓரத்தை வைத்து அவற்றை உரசிப் பார்த்தேன். முனையில் இரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்கு அரம் கடித்தது. அதற்குப் பின்னால் வழுக்கியது. முனை மட்டும் மென்மை, உடல் கடினம் என்றால் தோய்ச்சல் சரியாகவே ஏறியிருந்தது, பிறகுதான் போயிருக்கிறது என்று பொருள். மின் சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்ததால் முனை சூடேறிப் பதம் இறங்கிவிட்டது. அவ்வாறு சூடேறும்போது முனையில் நீலம் ஓடும். அதைக் கவனித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்; ஆனால் சாணைக்குப் பிறகு எமரித் தாளில் தேய்த்து மெருகேற்றியதால் நீலம் மறைந்து, கேடு மட்டும் உள்ளே நின்றுவிட்டது.

இந்த மூன்றுக்கும் புதிதாகத் தோய்ச்சல் தேவைப்படவில்லை. கெட்ட பகுதியான மூன்று மில்லிமீட்டரைப் பொறுமையாகத் தேய்த்து நீக்கினால் அடியில் நல்ல எஃகு காத்திருக்கிறது. சக்கரத்தில் ஒரு தடவை இலேசாகத் தொடுவது, தண்ணீரில் நனைப்பது, மறுபடி தொடுவது என்று செய்ய வேண்டும். கையுறை போடக் கூடாது. முனைக்கு வெகு அருகில் விரல் இருக்க வேண்டும். விரல் பொறுக்கிற சூட்டை உளியும் பொறுக்கும். கடைசி அரை மில்லிமீட்டரைச் சக்கரத்துக்கே கொண்டுபோகாமல் கல்லில் முடிப்பது என் வழக்கம்.

மணல் சட்டியும் நிறங்களும்

மணி பெருத்த நான்கு உளிகளையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. காந்தம் விடும் சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, காற்றில் கறுக்கும்வரை ஆறவிட்டு, இப்படி மூன்று தடவை செய்தால், ஒவ்வொரு தடவையும் மணிகள் புதிதாகப் பிறந்து பொடியாகின்றன. இதைச் செய்த பிறகு, சாக்குத் திரை கட்டி இருட்டாக்கிய மூலையில், காந்தத்தையும் உப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோய்ச்சல் கொடுத்தோம். தண்டு பருமனாக இருந்தால் தண்ணீர் வேண்டும். இவ்வளவு மெல்லிய உளிகளுக்கு வெதுவெதுப்பான எண்ணெயே போதுமானது, விரிசல் பயமும் குறைவு. உளியைச் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அலைத்தால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து தண்டு வளையும். தலைப்பக்கத்துக்குத் தோய்ச்சல் கூடவே கூடாது. அது மென்மையாக இருந்தால்தான் சுத்தியல் அடியைத் தெறிக்காமல் வாங்கும்.

தோய்ச்சல் முடிந்த உளி அப்படியே பயன்படாது. இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, பதம் இறக்க வேண்டும். ஸ்தபதி இதையும் ஊதுவிளக்கிலேயே நொடியில் முடித்துவந்தார். தட்டும் உளிக்கும் தள்ளும் உளிக்கும் ஒரே பதம் வைத்திருந்தார். நாங்கள் இரும்புச் சட்டியில் ஆற்று மணலைப் போட்டு மெல்லிய தீயில் வைத்து, எமரித் தாளில் வெளிறத் தேய்த்த உளிகளின் தண்டுப்பக்கத்தை மணலில் செருகி, முனை மேலே தெரியும்படி நிறுத்தினோம். தேய்த்து மினுக்காத எஃகில் நிறம் தெரியாது. சிறிது நேரத்தில் தண்டிலிருந்து முனையை நோக்கி நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வருவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. முதலில் 220 பாகை அளவில் வெளிறிய வைக்கோல் நிறம், 250ஐத் தாண்டும்போது கருப்பட்டிப் பழுப்பு, 280இல் கத்தரிப்பூ ஊதா, 300இல் மயில்கழுத்து நீலம். தள்ளி வெட்டும் உளியின் முனையில் வைக்கோல் நிறம் வந்தவுடன் எடுத்து எண்ணெயில் போட்டோம். தட்டி வெட்டும் உளிக்குப் பழுப்பு கடந்து ஊதாவின் சாயல் தெரியும்வரை காத்திருந்தோம். நீலம் வரை விட்டால் அது திருப்புளிக்கு ஆகும், இந்த வேலைக்கு ஆகாது.

எது எந்தப் பதம் என்று பின்னால் குழம்பாமல் இருக்க, தள்ளும் உளியின் தண்டில் ஒரு வெட்டும், தட்டும் உளியின் தலையோரத்தில் இரண்டு வெட்டும் அரத்தால் போட்டுவைத்தோம். வேலை செய்யும் பகுதிக்கு வெளியே, பள்ளமாக இல்லாமல் மேலோட்டமாகப் போட வேண்டும். ஆழ வெட்டினால் அரப்பல்லுக்கு நேர்ந்த கதைதான் இதற்கும்.

கூர், குதி, மினுக்கம்

கோணத்தைப் பற்றி நான் முதலில் எண்ணியது முழுத் தவறும் அல்ல. எஃகு சரியானபின் 50 பாகையே போதும் என்று கண்டோம். மேகலை வேலைக்கு அது ஒடுக்கமாகவும் இருந்தது, தாங்கவும் செய்தது. தள்ளும் உளிகளுக்கு முகப்பை 45 பாகையில் சாய்த்து, அடிப்பக்கத்தில் 15 பாகை அளவுக்குச் சிறு குதி, அதாவது முனைக்கு அடியில் தேய்த்து வைக்கும் குட்டைச் சாய்வு, வைத்தோம். குதி இல்லாவிட்டால் பிடியைத் தாழ்த்திப் பிடிக்க இடமின்றி முனை உலோகத்துக்குள் தலைகுப்புறப் பாயும். குதி நீண்டுவிட்டால் வளைவுகளில் அதன் பின்னோரம் கோட்டின் கரையை உரசிக் கெடுக்கும். அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான குதியே எனக்குத் திருப்தியானது.

வெட்டிய கோடு கண்ணாடிபோல் மினுங்குவதும் மங்கிக் கிடப்பதும் இந்தக் குதியின் மெருகைப் பொறுத்தது. குதியில் சாணைக் கீறல் இருந்தால் ஒவ்வொரு கீறலும் கோட்டின் சுவரில் அச்சாக விழும். கரடுக் கல், மென் எண்ணெய்க்கல், கடைசியாகப் பச்சை மெருகுக் கட்டி தடவிய தோல் என்று மூன்று படிகளில் இதை முடிக்கலாம். நம் பக்கத்துப் பழைய சாணைச் சக்கரங்கள் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தவை. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள அந்தக் கல் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கிறது. உலகமே அதை அழைக்கிற ஆங்கிலப் பெயரும் குருந்தம் என்ற நம் சொல்லிலிருந்து போனதுதான். இன்று எல்லாரும் கடைச் சக்கரம் வாங்குகிறோம். அரக்குச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் சாணை பிடித்த காலத்தில் முனை நீலமாகும் பேச்சே எழவில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

மறுபடி ஒன்று முறிந்தது

புதிதாகப் பதம் வைத்த உளிகளை வார்ப்பில் அறுத்தெடுத்த கழிவுத் துண்டுகளில் முதலில் ஓட்டிப் பார்த்தோம். அதே உலோகம், அதே கை. முன்பு அரை நாளில் முனை போனது. இப்போது ஒரு வாரம் வேலை செய்தும் கல்லில் நாலைந்து தடவை இழுப்பதைத் தவிர வேறொன்றும் தேவைப்படவில்லை.

ஆயினும் இரண்டாம் வாரத்தில் ஒன்று முறிந்தது. இம்முறை நான் சாணைப் பக்கமே போகாமல் லென்ஸை எடுத்தேன். முறிந்த பக்கம் விபூதி நிறம், எஃகில் குற்றமில்லை. உளி முறிந்த இடத்தைத் திருமேனியில் பார்த்தபோது, உலோகத்தின் தோலில் கடுகைவிடச் சிறிய சிவப்புப் புள்ளி ஒன்று இருந்தது. வார்க்கும்போது அச்சிலிருந்து பெயர்ந்து உலோகத்துக்குள் போன மண். சூட்டில் வெந்து செங்கல்லாகிவிட்ட அந்த மணல் மணியின் கடினத்துக்கு எந்த உளியும் ஈடுகொடுக்காது. நல்ல உளியை வார்ப்புத் தோலின் மேல் முதலில் இறக்கக் கூடாது. பழைய உளியாலும் அரத்தாலும் தோலை நீக்கி, புள்ளி தெரிந்தால் அதைத் தோண்டி எடுத்த பிறகே மெல்லிய உளியை எடுக்க வேண்டும் என்பதை ஸ்தபதியே பட்டறைப் பையன்களிடம் சொல்லி வைத்தார்.

தலை விரிந்த இரண்டு உளிகளின் ஓரங்களைத் தேய்த்து, தலையைச் சற்றுக் குவித்துக் கொடுத்தேன். இது சின்ன வேலை. ஆனால் கிழிந்த ஓரத்திலிருந்து தெறிக்கும் இரும்புச் செதில் கண்ணுக்கு நேராகத்தான் வரும், அதனால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அன்றாடப் பேணலில் ஒன்றை மட்டும் பட்டறையில் மாற்றச் சொன்னேன். எல்லா உளிகளும் ஒரு தகரப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன; பெட்டியை இழுக்கும்போதெல்லாம் கூர்கள் ஒன்றோடொன்று மோதின. இப்போது மாமரக் கட்டை ஒன்றில் பதினைந்து துளைகள் போட்டு, முனை மேலே நிற்கும்படி செருகி வைத்திருக்கிறார்கள். மாலையில் வேலை முடிந்ததும் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. காவிரிக் கரையின் ஐப்பசி ஈரத்தில் துடைக்காமல் விட்ட கூரில் ஓர் இரவிலேயே துரு பொட்டு வைக்கும். அந்தப் பொட்டு கோட்டில் கீறலாகத் தெரியும்.

தகப்பனார் காலத்து உளியை நான் தொடவில்லை. அது எந்த எஃகு, என்ன பதம் என்று அறிய ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுத்தது. நன்றாக வேலை செய்கிற உளியை ஆராய்ச்சிக்காகத் தேய்ப்பது முறையல்ல என்று எண்ணி, எண்ணெய் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மேகலையில் மாட்டிய துண்டு

உலோகத்துக்குள் தங்கிய எஃகுத் துண்டை எடுப்பதற்குப் படிகாரம் உதவியது. சூடான படிகாரக் கரைசல் எஃகை மெல்ல அரித்துத் தின்னும். செம்பையும் பித்தளையையும் ஏறக்குறையத் தொடாமல் விட்டுவிடும். பொற்கொல்லர்கள் நகையில் மாட்டிய துரப்பண முனையை இப்படித்தான் எடுக்கிறார்கள். அவர்கள் நகையைக் கரைசலில் போட்டுக் காய்ச்சுவார்கள். இரண்டடித் திருமேனியை அப்படிச் செய்ய முடியாது. ஆகவே அம்மனைப் படுக்கவைத்து, துண்டு மாட்டிய இடத்தைச் சுற்றிப் பட்டறை மெழுகாலேயே விரலில் கால் பங்கு உயரத்துக்கு வரப்பு கட்டி, அதற்குள் படிகாரக் கரைசலை ஊற்றினோம். மெழுகு 60 பாகையைத் தாண்டினால் இளகிவிடும் என்பதால் கைபொறுக்கும் சூட்டில்தான் ஊற்ற முடிந்தது. அதனால் வேலை மெதுவாகவே நடந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பழைய கரைசலைப் பஞ்சில் ஒற்றியெடுத்துவிட்டு வெதுவெதுப்பாகப் புதிது ஊற்றினோம். துண்டின் மேல் நுண்ணிய குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருந்தன.

ஐந்தாம் நாள் காலையில் ஊசியால் தொட்டபோது, எஃகு இருந்த இடத்தில் கறுப்புக் குழம்புதான் இருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் துளை சுத்தமானது. அதில் அதே வார்ப்பின் கம்பித் துணுக்கை வைத்து அடித்து நிரப்பி, அரத்தால் மட்டம் செய்தார்கள். மேகலையின் அந்தக் கோடு பாதியில் நின்றிருந்தது. ஸ்தபதி இரண்டு வெட்டுப் போட்ட உளியைக் கட்டையிலிருந்து எடுத்து, நின்ற இடத்துக்கு ஒரு நூல் முன்னதாகவே முனையை வைத்து, தட்டத் தொடங்கினார்.